வெள்ளம் இறங்கும் மூலை

போர் முடிந்து ஊர் மீள்குடியேறிய ஆண்டில், அடம்பன் போகும் வீதியிலுள்ள சந்தியொன்றில் முதன்முதலாகச் சாக்கு விரித்துக் கத்தரிக்காய் விற்றவள் பிலோமினா. அவளைப் பார்த்து மற்றவர்களும் வர, அந்த இடம் சந்தையாயிற்று. பிற்பாடு சந்தைச் சங்கத் தலைவர் குரூஸ் ஊர் வரலாற்றைப் புத்தகமாக அச்சடித்தார். அதன்படி சந்தையைத் தொடக்கியவர் அவராம். பிலோமினாவின் பெயர் ஒரு வரியிலும் இல்லை. அவளுக்கு நெஞ்சு கொதித்தது. அன்றிலிருந்து சோறும் சரியாக இறங்கவில்லை.

மறு ஆடியில் குரூஸ் சந்தையின் கிழக்கு மூலையில் அரிசிக்கடை கட்டத் தொடங்கினார். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் வெள்ளம் அந்த மூலையால்தான் இறங்கும். அவள் சந்தியில் தனியாகக் காய் விற்ற முதல் மாரியில் அதைக் கண்டவள்; பிறகு அப்படியொரு மழை பெய்யவில்லை. அத்திவாரம் வெட்டிய நாள் முழுக்க அவள் பார்த்துக்கொண்டே காய் விற்றாள்.

அந்தக் கார்த்திகையில் குளம் வான் பாய்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டைகளை இழுத்துக்கொண்டிருந்த குரூஸ், மேட்டில் நின்றவளைக் கண்டார்.

"பிலோமினாக்கா, இதாலை வெள்ளம் வருமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும். வரலாறு எழுதின உங்களுக்கும் தெரியுமெண்டு நினைச்சன்."

அவர் நனைந்த மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்று மத்தியானம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.