நேர்ந்துவிட்ட தலை

அடிபட்டது என் தலை. அதற்கு மொட்டை போடுவதாகப் பெருமாளிடம் நேர்ந்துகொண்டது என் அம்மா. நடுவில் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை.

கம்பெனி பஸ்ஸில் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிச்சாட்டூர் தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார், என் நெற்றிப்பொட்டு ஜன்னல் கம்பியில் போய் மோதியது. ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை. வந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், ஊர் நம்பியிருக்கும். எருமை தன் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

சித்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் மூளை உள்ளே நன்றாகக் குலுங்கியிருக்கிறது. தலைவலியும் கிறுகிறுப்பும் மாதக்கணக்கில் இருக்கலாம். வேலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும், முழுக்கச் சரியாவதற்குள் இன்னோர் அடி படவே கூடாது. இத்தனையில் 'ஒன்றும் இல்லை' என்பதை மட்டும் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். ஊர் போய்ச் சேரும் முன்பே, பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் எல்லோருக்கும் அதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

எனக்கு டியூப்லைட் வெளிச்சம் ஆகவில்லை, கண் கூசியது. குக்கர் விசில் அடித்தால் குமட்டியது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை காணாமல் போகும், கரண்டியைக் காட்டி 'அது, அது' என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். கோபம் வேறு பொசுக்கென்று வந்தது. அந்தக் கோபம் அடிபடுவதற்கு முன்பே இருந்ததுதான் என்றாள் அம்மா. அதில் மட்டும் அவள் சொன்னது உண்மை.

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வார். என் குரலைக் கேட்டுவிட்டு, நல்லாத்தானே பேசுகிறாய் என்பார். குரலுக்கு என்ன, அது தலைக்குக் கீழே அல்லவா இருக்கிறது!

ஆளாளுக்கு நல்லா இருக்கிறாய் என்று சொல்லி என்னை ஒருமுறை வேலைக்கு அனுப்பியும் வைத்தார்கள். செல்போன் சார்ஜருக்குள் பொடி ஸ்குரூ முடுக்கும் வேலை எனக்கு. தலைக்கு மேல் வரிசையாக டியூப்லைட், பக்கத்தில் விடாமல் கூவும் டெஸ்டிங் மிஷின். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தரை சாய்ந்தது. சார்ஜர்கள் நகர்ந்து வரும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் மேஜையின் இரும்புக் காலில் மறுபடி மண்டை போயிருக்கும். ஸ்கேன் நார்மல்தானே என்று என்னைவிட வயதில் சின்ன சூப்பர்வைசர் கேட்டான். அவனைப் பதிலுக்குத் திட்டக்கூட வார்த்தை கிடைக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் உண்டு.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குச் சரியாகிவிட்டது என்று இனி நான்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

அப்போதுதான் அந்த மொக்கு வெளியே வந்தது. ஆந்திர எல்லை என்பதால் எங்கள் பக்கம் வேண்டுதலைத் தெலுங்குக்காரர்கள் மாதிரி மொக்கு என்றுதான் சொல்வோம். மகளுக்குத் தலை சரியானால் அவள் முடியைக் காணிக்கை தருகிறேன் என்று அடிபட்ட அன்றே அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். இதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மாதக் கடைசிக்குள் வராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் என்றார்கள். அம்மா பரபரத்தாள். ஞாயிற்றுக்கிழமை மொட்டை, திங்கட்கிழமை பஸ்.

"மொக்க வச்சிக்கினு தீக்காம கீறோம். அதான் வலி போவாம சுத்திக்கினு கீது" என்றாள்.

"நீ இன்னான்னு வேண்டிக்கின? சரியானா தரேன்னுதான? சரியாவலயே. ஆவாததுக்கு எதுக்குத் தரணும்?" என்றேன்.

சாமியிடம் வக்கீல் மாதிரி பேசாதே என்றாள். சாமிக்காகப் பேசவில்லை, எனக்காகத்தான் பேசினேன். எங்கள் ஊரில் சந்தனம் பூசிய மொட்டையோடு ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கினால், அவளுக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் தலைவலி என்றால் சோம்பேறி என்பார்கள். டாக்டரம்மா சொன்னாலும் எடுபடாது.

உள்ளபடி சொன்னால் மொட்டை மேல் எனக்கு ஆசையே இருந்தது. பின்னல் லேசாக இழுத்தாலும் மண்டை விண்ணென்று தெறித்தது. அள்ளி முடியாமல் விரித்துவிட்டுத்தான் கிடந்தேன். முடியை எடுத்தால் எத்தனை சுகமாக இருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன் என்று உட்கார்ந்தேன்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அரை காணி நிலம் இல்லாமல், அடுத்தவர் கரும்புக் கொல்லையில் முதுகு ஒடிந்தவள். கம்பெனிகள் வந்து, எங்கள் ஊர் முனையிலேயே பஸ் நின்று, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பெண்கள் ஏறிப் போன காலம் அது. என் அட்டையைத் தினமும் காலையில் முந்தானையால் துடைத்துக் கொடுப்பாள். அந்த அட்டை போனால் நானும் கொல்லைக்குத்தான் வர வேண்டும் என்று அவளுக்குப் பயம். அழுதாள். சரி, மலைக்கு வருகிறேன், சாமி மட்டும் கும்பிடுவேன், முடியைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் கிளம்பினேன். அங்கே போனால் மனசு மாறிவிடுவேன் என்று அவள் நம்பினாள்.

திருப்பதியிலிருந்து மேலே போகும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். பார் அம்மா, என் தலை எப்படி இருக்கிறது என்றேன். மலைப் பாதையில் எல்லோரும்தான் எடுக்கிறார்கள் என்றாள். நிஜமாகவே முன் சீட்டில் ஒரு மீசைக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார்.

மொட்டை போடும் மண்டபத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். ஈரத் தரை, ஒலிபெருக்கியில் அறிவிப்பு, நாலு பக்கமும் கோவிந்தா கோவிந்தா. காதில் பஞ்சு வைத்திருந்தும் தலைக்குள் உலக்கை இடித்தது. பெண்களுக்கு முடி எடுக்கும் அம்மாள் பிளேடை மாற்றிக்கொண்டே உட்காரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். மொட்டைக்கு மனசில்லை என்றால் மூன்று கத்தரி, நுனியில் மூன்று வெட்டு முடி மட்டும் கொடுத்துவிட்டுப் போ, பெண்கள் அப்படியும் கொடுப்பதுண்டு என்று தெலுங்கில் தன்மையாகச் சொன்னாள். அம்மா ஆவலாக என்னைப் பார்த்தாள். மூன்று கத்தரி கொடுத்தாலும் மொக்கு தீர்ந்தது என்றுதான் ஊரில் பேசுவார்கள்.

"தலைக்குள்ள இன்னும் வலிக்குதும்மா. சரியாயிடுச்சுன்னு சாமிகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?" என்றேன்.

அம்மாவின் முகம் இறுகியது. பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். இழுத்து ஓர் அறை விடப் போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தள்ளினாள்.

"நவுரு. என் வாயால வேண்டிக்கினது. என் தலைய எடும்மா."

உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். அதுவும் கோபத்தில்தான். வேண்டாம் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. நரைத்த முடி கொத்துக் கொத்தாக ஈரத் தரையில் விழுந்தது. எழுந்து தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், சந்தனம் பூசிக்கொண்டாள். எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து கீழே போகும் பஸ்ஸில் ஏறினாள்.

ஊர் முனையில் நாங்கள் இறங்கிய நேரத்துக்குக் கம்பெனி பஸ்ஸும் வந்து நின்றது. ஷிப்டு முடிந்து இறங்கிய பெண்கள் அம்மாவின் மொட்டையைப் பார்த்துவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். மொக்கு தீர்ந்ததா, அக்கா நாளைக்கு வேலைக்கு வருகிறாளா என்று கேட்டார்கள். அம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டாள்.

"மொக்கு நான் தீத்துட்டேன். அவளுக்கு இன்னும் சரியாவல. டியூப்லைட்டு பாத்தா கண்ணு கூசுது, சத்தம் ஆவல, பேசறப்பவே வார்த்த மறந்து போவுது. சரியானப்புறம் வருவா. அதுக்குள்ள எடம் போனா போவட்டும்னு சொல்லுங்க."

நான் இத்தனை நாள் புலம்பியதை அவள் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள்.

இடம் போய்விட்டது. வேறு கம்பெனியில் வேறு இடம் பிடித்தேன், சரியாகிவிட்டது என்று நானே சொன்ன பிறகு. மழை மூட்டம் போட்டால் இன்றைக்கும் நெற்றிப்பொட்டில் வலி எட்டிப் பார்க்கிறது. அதையும் பெருமாள் எடுத்துக்கொண்டால் அன்றைக்கே மலையேறி என் முடியைத் தருகிறேன். அதுவரை எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னி, பூ வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன்.