மூன்று சுழியும் இரண்டு சுழியும்

எங்கள் சித்தப்பா அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். கைபேசியை, "வேலையத்தவங்க கையில கொடுத்த கிலுகிலுப்பை" என்பார். ஆனால் விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவை முதலில் எட்டிப் பார்ப்பவரும் அவரே. பார்ப்பதோடு நில்லாமல், எல்லாருடைய எழுத்துப் பிழைகளையும் அங்கேயே திருத்துவார்.

வெளியூரில் இருக்கும் அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, ஒருநாள் "அன்னா, சவுக்கியமா?" என்று எழுதினார்.

"மூணு சுழி ண. நாலாவது தடவையா சொல்றேன்" என்று சித்தப்பா பதிலிட்டார். அத்தை குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

"உடம்பை விசாரிச்சவகிட்ட சுழியை விசாரிச்சீங்களே!" என்று சித்தி இடித்துக்காட்டினார்.

மூன்று வாரமாக அத்தையிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. சித்தப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அவரே தங்கைக்குத் தனியாக எழுதினார்: "தங்கச்சி, மண்ணிச்சிடு."

மறுநொடியே பதில் வந்தது: "அதுக்கு ரெண்டு சுழி ன, அண்ணா! இத்தனை வருஷம் என்னத்தைத் திருத்துனீங்க?"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் எழுதிவரும் குடும்பப் பதிவேட்டில் இதைச் சரியாகக் குறிக்கவேண்டுமே என்று, அது கைதவறியதா, வேண்டுமென்றே செய்ததா எனக் கேட்டேன்.

"அச்சுப்பிழைன்னு போட்டுக்கோ" என்றார்.