மூன்று கைப்பிடி மேசை

ஆவுடையப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் தப்பைத்தான் எழுத வேண்டும். அதைக் கொஞ்சம் ஒத்திப்போட்டுவிட்டு அவர் பெருமையில் ஆரம்பிக்கிறேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். புதுக்கோட்டைக்கு வடக்கே ஒரு சின்ன ஸ்டேஷன். கைகாட்டி மரத்தில் ஏறி எண்ணெய் போடுவதும், லீவரிலிருந்து போகும் கம்பி தொய்ந்தால் முறுக்குவதும் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் அதே ஸ்டேஷனில் குமாஸ்தா, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தத் திமிர் எனக்குத் தலைக்குமேல் இருந்தது. அவரை அண்ணே என்று கூப்பிட்டாலும் மனசுக்குள் எண்ணெய்க்காரர் என்றுதான் வைத்திருந்தேன்.

ஐம்பத்தைந்தில் ஒரு உத்தரவு வந்தது. தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி ஸ்டேஷனை வைத்துப் பரீட்சை நடத்த வேண்டும். நிஜக் கைகாட்டியில் தப்புச் செய்து பழகினால் நிஜ வண்டி கவிழும் அல்லவா? ஆவுடையப்பன் தானே செய்து தருவதாகச் சொன்னார். நான் சிரித்தேன். எட்டு மாசம் அவர் பழைய பலகை, சைக்கிள் பிரேக் கம்பி, கிராமபோன் ஸ்பிரிங் என்று பொறுக்கிக்கொண்டே இருந்தார். நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

மேசை வந்து நின்ற அன்று சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறடி நீளப் பலகையில் எங்கள் ஸ்டேஷன் அப்படியே இருந்தது, ஓட்டிப் பார்க்க ஒரு மர வண்டியோடு. இரண்டு கைகாட்டி, தண்டவாளம் பிரிகிற இடத்தில் ஒரு பாயிண்ட், ஒரு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த அறையில் ஒரு பெட்டி. அதுதான் பக்கத்து ஸ்டேஷன். ஆக ஐந்து உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மூடிய கூடு, கூட்டுக்குள் ஒரு சின்ன ஆப்பு. ஆப்பு மேலே இருந்தால் ஒரு நிலை, கீழே இருந்தால் இன்னொரு நிலை. உறுப்புக்கு உறுப்பு சேதி சொல்ல மேசைக்கு அடியில் கம்பிகள். பாயிண்ட் தப்பாக இருந்தால் கைகாட்டி அசையாது. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் வண்டி இருந்தால் கைகாட்டி லீவரை எவனாலும் இழுக்க முடியாது. நிஜத்தில் எப்படியோ அப்படி. வெறும் மரத்துக்கு எப்படி இவ்வளவு ஞாபகம் என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். கூச்சமே இல்லாமல் வாயைப் பிளந்தேன்.

ஐம்பத்தேழில் அந்த மேசைமுன் அடைக்கலம் வந்து நின்றான். குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் கூலியாக இருந்தவன். முந்தைய வருஷம் ஒரு ஸ்லீப்பர் கட்டை சரிந்து இடுப்பில் விழுந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாயிண்ட்ஸ்மேன் ஆனால் பிழைத்தான், இல்லாவிட்டால் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு தடவை இந்தப் பரீட்சையில் தவறியிருந்தான். இது மூன்றாவது, கடைசி.

சாப்பாட்டு வேளை முடிந்தபோது மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான். பரீட்சை நடத்த வந்த இன்ஸ்பெக்டர் வண்டியை அனுப்பச் சொன்னார். அடைக்கலம் பாயிண்ட்டைச் சரி பார்த்தான், லீவரைப் பிடித்தான். லீவர் வரவில்லை. கையை எடுத்துவிட்டான்.

"இழுய்யா."

"வராதுங்க. பாதையில வண்டி நிக்குதுங்க."

"எந்த வண்டி? வண்டி ஒன் கண்ணு முன்னால மேசை மேல இருக்கு."

"இது இல்லீங்க. அங்கிட்டு ஒண்ணு நிக்குது. இல்லாட்டி லீவர் வந்துருக்கும்ங்க. பலவந்தமா இழுக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டில் 'தவறினார்' என்று குண்டு குண்டாக எழுதினேன். இல்லாத வண்டியைப் பார்க்கிறானே என்று அன்று சாயங்காலம் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

ஒரு வாரம் கழித்து அவன் பெண்டாட்டி காத்தாயி ஆவுடையப்பனைத் தேடி வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் சிபாரிசு கேட்கவில்லை.

"நீங்கதான மேசை செஞ்சது? அவரு வண்டி நிக்குதுன்னா நிக்கும்ங்க. அப்புடிப் பொய் சொல்ற ஆளு இல்ல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள்.

நான் உதட்டைப் பிதுக்கினேன். ஆவுடையப்பன் என்னிடம் திரும்பி, "நாகராசு, அன்னைக்கு அவனுக்கு முன்னால செஞ்ச ஆளு எதுல முடிச்சான்?" என்றார்.

இதோ, என் தப்புக்கு வந்துவிட்டோம். முந்தைய ஆள் வண்டியை அனுப்பிப் பாதி வழியில் இருந்தான். இன்ஸ்பெக்டருக்குப் பசி. போதும் என்று எழுந்துவிட்டார். மேசையைச் சுத்தமாக வைப்போமே என்று நான்தான் அந்த மர வண்டியைக் கையால் தூக்கி ஸ்டேஷனில் வைத்தேன்.

அதே மாதிரி மறுபடியும் செய்துபார்த்தோம். வண்டியைப் பாதி வழிக்கு விட்டோம், நான் தூக்கி வைத்தேன், அவர் லீவரை இழுத்தார். வரவில்லை. அடுத்த அறைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தோம். ஆப்பு மேலே நின்றது. பாதையில் வண்டி இருக்கிறது என்று அந்தப் பெட்டி இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. அடைக்கலம் ஒருவன்தான் மேசை சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்கிறான்.

"ஒடனே போயி இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிருவோம்ண்ணே" என்றேன்.

"வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாரு. இன்னொரு தடவ இப்புடி ஆகாதுன்னு செஞ்சு காட்டித்தான் சொல்லணும்."

ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் ஐந்து ஆப்பும் கீழே இறங்கி மேசை முழுக்க ஆரம்ப நிலைக்குத் திரும்ப வேண்டும். கேட்டால் சின்ன விஷயம். ஐந்து ஆப்பையும் கயிற்றில் கட்டி ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்தார். கைகாட்டி திரும்பும்போது அதன் கம்பி மணியை இழுத்தது. மணி அதை நிஜச் சேதி என்று எடுத்துக்கொண்டு பக்கத்துப் பெட்டிக்குச் சொன்னது. அப்போதுதான் கீழே இறங்கிய ஆப்பு திரும்ப மேலே ஏறியது. சரி, வரிசையாகச் செய்வோம் என்று மணியை முதலில் இறக்கினார், கைகாட்டி அதைக் கலைத்தது. பெட்டியை முதலில் இறக்கினார், பாயிண்ட் கலைத்தது. எத்தனையோ வரிசை போட்டுப் பார்த்துவிட்டோம். யாரை முதலில் உட்கார வைத்தாலும் பின்னால் உட்காருகிறவன் அவனைக் கிளப்பிவிட்டான். நான் மேசையை ஓங்கி ஓர் உதை விட்டேன். அவர் மறுபடி நிதானமாகக் கம்பியை மாட்டினார்.

ஆவணியில் இலுப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் சாப்பிட்டு முடித்து எழப் போனேன். அவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காரு. வரிசையில பெரியவுக இன்னும் மோர்ச்சோறு சாப்புடுறாங்க." உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக இலையை மடித்தார்கள். மடித்தவர்கள் எச்சில் கையோடு சும்மா இருந்தார்கள். கடைசி இலை மடிந்ததும் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரிசை மொத்தமும் எழுந்தது. ஆவுடையப்பன் மட்டும் எழவில்லை. எல்லா இலையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இலை எடுக்கிறவன் திட்டின பிறகுதான் எழுந்தார்.

"யாரு மொதல்லங்கறதே கேள்வி இல்லடா" என்றார் கை கழுவும்போது.

பதினெட்டு நாளில் மேசைக்கு மூன்று கைப்பிடி வந்தது.

முதல் கைப்பிடியை இழுத்தால் அடியில் இருக்கும் கம்பி எல்லாம் தொய்ந்துவிடும். யாரும் யாருக்கும் சேதி சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஐந்து ஆப்பும் தன் தன் கூட்டுக்குள் கீழே இறங்கும். அவரவர் இலையை அவரவர் மடிப்பது இதுதான். இரண்டாவதை இழுத்தால் கம்பி திரும்ப விறைக்கும், சேதி போகும். ஆனால் ஒவ்வொரு ஆப்பையும் ஒரு கொக்கி அழுத்திப் பிடித்திருக்கும். பக்கத்து ஆளும் மடித்துவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் அசைய முடியாது. மூன்றாவதை இழுத்தால்தான் கொக்கி விடும். ஐந்தில் ஓர் ஆப்பு இறங்காமல் இருந்தாலும் இரண்டாவது கைப்பிடி வராது.

வண்டியைப் பாதி வழியில் விட்டு, கைகாட்டியை இறக்கி, பாயிண்ட்டைத் திருப்பி, எவ்வளவு குழப்ப முடியுமோ அவ்வளவும் நான் குழப்பினேன். அவர் மூன்று கைப்பிடியையும் இழுத்தார். கைகாட்டி இரண்டும் 'நில்' என்று நேராக நின்றன. மணி ஒலிக்கவில்லை. அடுத்த அறையில் போய்ப் பார்த்தேன். ஆப்பு கீழே. திரும்பி வந்து இன்னும் மோசமாகக் குழப்பினேன். நாற்பது தடவைக்கு மேல் செய்திருப்பேன். கடைசியில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடத்தான் தோன்றியது. குமாஸ்தா என்பதால் கும்பிடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஆவுடையப்பன் பழைய தப்பைச் செய்து காட்டினார், பிறகு புதிய கைப்பிடிகளைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் முகம் இறுகிப்போயிற்று. "வண்டியத் தூக்கினது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் சொல்லிவிட்டார்: "யாரு வேணாலும் தூக்குவாங்க சார். தூக்கினாக் கெட்டுப்போற மேசையச் செஞ்சது நான். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். அடைக்கலத்துக்கு மட்டும் மறுபடி வச்சுருங்க."

"நான்தான் சார் தூக்கினேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

விளக்கம் கேட்டு மெமோ இரண்டு பேருக்கும் வந்தது. அடைக்கலத்துக்குத் தேதியும் வந்தது.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி வந்தான். காத்தாயி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். பரீட்சைக்கு வருகிற ஆளே மூன்று கைப்பிடியையும் இழுக்க வேண்டும் என்பது ஆவுடையப்பன் போட்ட விதி. அடைக்கலம் ஒன்றை இழுத்தான், நின்றான். இரண்டை இழுத்தான், நின்றான். மூன்றை இழுத்தான்.

இன்ஸ்பெக்டர், "வண்டிய அனுப்பு" என்றார்.

அவன் உடனே லீவரைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெட்டியைப் பார்க்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். அப்புறம் ஒரு விரலால் லீவரை லேசாக அசைத்தான். அது வந்தது.

"இப்ப வண்டி இல்லீங்க" என்றான்.

கைகாட்டி இறங்கியது.