புள்ளி மச்சான் செய்த பாதம்

என் மனைவியின் அண்ணனுக்குப் பட்டறையில் 'புள்ளி' என்று பெயர். எதைக் கேட்டாலும் தசமப் புள்ளியோடுதான் பதில் வரும். செயற்கைப் பாதம் செய்கிறார். கார்பன் இழை விறைப்பாக நிற்கும், கண்ணாடி இழை வளைந்து கொடுக்கும். இரண்டையும் அடுக்கடுக்காகப் பிசினில் ஒட்டினால் பாதம் எவ்வளவு வளையும் என்பதைச் செய்வதற்கு முன்பே தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். கார்பன் வெளியடுக்கில் இருந்தால் ஒரு கணக்கு, நடுவில் இருந்தால் வேறு கணக்கு. சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்பேன்.

போன வருடம் விபத்தில் என் மனைவி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தாள். மச்சான் அழுது நான் பார்க்கவில்லை. மறுநாளே அவளுடைய எடையைக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு கிலோ. அந்த எடைக்கு நுனி பதினான்கு புள்ளி எட்டு மில்லிமீட்டர் வளையும் என்று எழுதினார். சோதனை மெஷின் பதினான்கு புள்ளி ஒன்பது காட்டியது. மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

போட்டு நடந்தவள், "கொஞ்சம் அமுங்குதுண்ணா" என்றாள்.

"அமுங்காதும்மா. கணக்கு சரியா வந்திருக்கு, இந்தா பாரு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். மூன்று நாளாக இதே பாட்டு.

"மச்சான், தாளா நடக்கப்போகுது?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ள."

அவள் எங்கள் ஒன்றரை வயது மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஐந்தாவது எட்டில் பாதம் அமுங்க, சட்டென்று சுவரைப் பிடித்தாள். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தினமும் இதைத்தான் முயன்றிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மச்சான் குனிந்து அந்தப் பாதத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து விறைப்பா செஞ்சா, நீ தனியா நடக்கறப்ப குத்தும்மா. ரெண்டு வருஷத்துல பாப்பா இறங்கி ஓடிடுவா."

"ஓடட்டும். அப்ப வேற செஞ்சு குடு. இப்ப நான் அவளைத் தூக்கணும்."

எடை மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். இடுப்பில் குழந்தையோடு அவள் ஏறி நின்றாள். அறுபத்தைந்து புள்ளி ஆறு. தாளில் பழைய எடையை அடித்துவிட்டு, வெறுமனே எழுபது என்று எழுதினார்.

"மீதி எதுக்கு மச்சான்?"

"வளர்ற புள்ளைல்ல" என்றார், தாளை விட்டுத் தலையைத் தூக்காமலே.