உள்பக்கம் திறக்கும் கதவு

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குப் பொறுமை அதிகம் இருக்கும் என்று யாராவது நினைத்தால் ஒரு நாள் வந்து என் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆதார் கார்டை ஒரே தாளில் இரண்டு பக்கமும் கேட்பார்கள். எடுத்துக் கொடுத்ததும் தனித்தனித் தாளில் வேண்டும் என்பார்கள். அப்படி ஒருவரிடம் கத்தி முடித்த சூட்டில் நான் இருந்தபோதுதான் எதிர்வரிசை மருந்துக்கடை அண்ணன் வந்தார். போடிநாயக்கனூர் ஸ்டேஷன் பெயர்ப்பலகையைத் தீப்பெட்டியைவிடச் சின்னதாக அச்சடித்துத் தர வேண்டுமாம். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, மூன்று மொழி.

"இத்தனூண்டு எழுத்த யாருண்ணே படிப்பா?" என்றேன்.

"பிளாட்பாரத்துல நிக்கிறவன் படிப்பான் தங்கச்சி."

"அவன் எம்புட்டு உயரம்?"

"ரெண்டு சென்டிமீட்டர்," என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நல்ல மனுஷர், மாத்திரை வாசத்திலேயே இருந்து இருந்து ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பலகையைக் கொடுக்கப் போனபோது கடைக்கு மேலே மாடி அறைக்குக் கூட்டிப்போனார். அறை முழுக்க ஒரு பெரிய பலகை. அதன்மேல் எங்கள் ஊர் ஸ்டேஷன், தண்டவாளம், சிக்னல், ஆட்டோ ஸ்டாண்டு, பின்னால் மலை. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நிஜ ரயில் போடியோடு நின்றுவிடும். அண்ணனின் ரயில் நிற்காமல் குரங்கணி வரை மலை ஏறியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் "கறி எடுத்துட்டு வரவா, இல்ல நீ ரயிலுக்குப் போறியா?" என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டது.

நாங்கள் மொத்தம் மூன்று பேர். அண்ணன், நான், பிறகு ஒரு ஜீப்புக்காரத் தம்பி. அவன் விடிகாலையில் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவான், சாயங்காலம் இறக்கிவிடுவான். ஞாயிறு தோட்டத்துக்கு லீவு என்பதால் அன்று முழுக்க எங்களோடு. ரயில் பெட்டிகள் எல்லாம் அவன் கைவேலை. பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டி, சன்னல் கம்பிகூட எண்ணிக்கை தவறாமல் செய்வான். அதன்மேல் ஒட்டுகிற வண்ண ஸ்டிக்கர் என் மெஷினில் அச்சாகும். மலைப்பக்கம் என் பொறுப்பு.

அங்கே ஒரு சட்டம் உண்டு. யாரும் 'பொம்மை' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொன்னால் தண்டவாளம் முழுவதையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். அதிகமாகத் துடைத்தது நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சு எப்போதும் இப்படித்தான் போகும்.

"மாப்ளே, உன் எஞ்சின் குரங்கணி ஏத்தத்துல வழுக்குது."

"வெயிட்டு பத்தலண்ணே. டயர் கடையில வீல்ல அடிப்பாங்கள்ல, அந்த ஈயக்கட்டி ரெண்டு கொண்டாறேன். உள்ள வச்சா சும்மா கும்முனு ஏறும்."

"நேத்து லோடு எத்தனை பேரு?"

"அதக் கேக்காதீங்க. போலீஸ்காரரு காதுல விழுந்துறப் போகுது."

கீழேயிருந்து "அண்ணே, தலைவலி மாத்திரை" என்று குரல் வரும். அண்ணன், "வண்டி ஸ்டேஷனுக்குள்ள வருது, ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்று மேலிருந்தே பதில் சொல்வார். தலைவலிக்காரர் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

புது அகலப்பாதை வருவதற்கு முன் ஓடிய பழைய மீட்டர்கேஜ் ரயில் விஷயம் வந்தால் தம்பி சொன்னதுதான் தீர்ப்பு. சின்ன வயதில் அந்த ரயிலில் மதுரைக்குப் போய் வந்தவன் எங்களில் அவன் ஒருவன்தான். அண்ணன் ஊரைவிட்டு எங்கே போவதென்றாலும் மோட்டார் சைக்கிள்தான். நான் பக்கத்துச் சிலமலையில் பிறந்தவள். எங்களுக்கு எல்லாம் பஸ்சுதான். கல்யாணத்துக்குப் பிறகு வேறு ஊர் ரயில்களில் போயிருக்கிறேனே தவிர மீட்டர்கேஜ் ஏறியதில்லை. "பெட்டி வாசல்ல அழுக்குத் தண்ணி வடியும், அங்க ஒரு பச்சைக் கறை இருக்கும்" என்று தம்பி சொன்னால், அண்ணன் பச்சைக் கறையை வரைந்துவிடுவார்.

போன வருஷம் மதுரையிலிருந்து இதே பைத்தியம் பிடித்த மூன்று பேர் எங்கள் பலகையைப் பார்க்க வருவதாகப் போன் செய்தார்கள். அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்காகவே தம்பி ஒரு புதுப் பெட்டி செய்தான். முதல் முறையாகக் கதவு திறந்து மூடுகிற பெட்டி. மெல்லிய கம்பியில் கீல் வைத்து, ராத்தூக்கம் கெட்டு, எட்டு வாரம் உழைத்திருந்தான். அவர்கள் வருவதற்கு முந்தின ஞாயிறு அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"தொறந்து பாருங்கக்கா."

நகத்தால் திறந்தேன். கதவு வெளிப்பக்கம் திறந்தது, ஜீப்புக் கதவு மாதிரி.

என் வாயைப் பற்றி என் அம்மா நிறையச் சொல்லியிருக்கிறாள். அன்றாவது அவள் பேச்சு ஞாபகம் வந்திருக்கலாம்.

"ஏம்ப்பா, இந்தக் கதவு தொறந்தா பிளாட்பாரத்துல நிக்கிறவன் மூக்கு போயிரும். ரயில் கதவு உள்பக்கமால்ல தொறக்கும்? கூட்டத்துல அதுல சாஞ்சுதான நிப்போம்? நெசமாச் சொல்லு, நீ ரயில்ல ஏறியே இருக்க மாட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றினான். "சோலி இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

"மீட்டர்கேஜ் காலத்துலயே போனவனப் பாத்து இப்படியா கேப்ப?" என்று அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொம்மைன்னு சொல்லியிருந்தாலாச்சும் தொடைச்சா முடிஞ்சுபோயிருக்கும்."

அன்று யாரும் சொல்லாமலே தண்டவாளம் முழுவதையும் துடைத்தேன். மனசு ஆறவில்லை. போன் போட்டால் தம்பி எடுக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் போய்விட்டது. "அவன் இல்லாம அவங்க வந்து என்னத்தப் பாக்கப் போறாங்க, வர வேணாம்னு சொல்லிறவா?" என்று அண்ணன் கேட்டார். ஊர் ஸ்டேஷனைக் கட்டின மூன்று பேரில் ஒருவனை நான் ஒரே வாக்கியத்தில் விரட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வியாழன் காலை ஆறு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தம்பி பின்பக்கம் போய் ஆட்களை எண்ண ஆரம்பித்தான்.

"பேசணும் தம்பி."

"லோடு ஏறிருச்சுக்கா. வெரசாப் போகணும்."

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பின்னாலிருந்த பொம்பளைகள், "யாரு ஆத்தா புது ஆளு, காய் எடுக்க வருதா?" என்று சிரித்தார்கள். இறக்கிவிட முடியாது என்று தெரிந்து வண்டியை எடுத்தான்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மலைப்பாதை என்றால் எனக்குக் குமட்டும். இத்தனை வருஷம் அடிவாரத்தில் இருந்தும் மலை ஏறத் தொடங்குகிற முந்தல் தாண்டி நான் போனதில்லை. மூன்றாவது வளைவில் பேச வாயைத் திறந்தேன்; மன்னிப்புக்குப் பதிலாகக் காலையில் குடித்த காப்பி வந்தது. பின்னாலிருந்து ஒரு கை எலுமிச்சம்பழத்தை நீட்டியது. அடுத்த வளைவுகளை எல்லாம் தம்பி தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெதுவாகத் திருப்பினான். கோபம் இருக்கிறவன் அப்படி ஓட்ட மாட்டான் என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

போடிமெட்டு தாண்டி ஒரு தோட்டத்தில் ஆட்களை இறக்கினான். நான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் பெரிய பெரிய மரங்கள், ஒரே இருட்டு நிழல், கீழே ஆள் உயரத்துக்கு மேல் தாழைபோல் ஏதோ செடி.

"ஏலத்தோட்டம் எங்கப்பா இருக்கு? இன்னும் மேல போகணுமா?"

தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இதான்க்கா ஏலம். நீங்க நிக்கிறது அதுக்குள்ளதான்."

எனக்கு மறுபடியும் தலை சுற்றியது. எங்கள் பலகையில் மலைச்சரிவு முழுக்க ஏலக்காடு செய்தவள் நான். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் குட்டை குட்டையாக வெட்டி, மொட்டை வெயிலில், வரிசை பிடித்து ஒட்டியிருந்தேன். அது தேயிலை. காலண்டரில் பார்த்த தேயிலையை ஏலம் என்று நினைத்து, ஏலக்காய் வாசத்திலேயே விடிகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருஷம் ஒட்டியிருக்கிறேன்.

அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஞாயிறுதோறும் தம்பி ஒரு பிஸ்கட் டப்பாவில் நாலைந்து மரம் கொண்டுவருவான். காய்ந்த குச்சியில் சாயம் போட்ட மரத்தூள் ஒட்டிய மரங்கள். "சும்மா, அழகுக்குக்கா" என்று சொல்லி என் செடிகளுக்கு நடுவில் நடுவான். கத்தரிக்கோலால் நாரைப் பிய்த்து உயரமாக்கி விடுவான். "எதுக்குப்பா இம்புட்டு மரம், நான் வச்சது மறையுதுல்ல?" என்று நான் ஒருமுறை சண்டைகூடப் போட்டேன். தப்பு என்று ஒரு நாளும் அவன் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்க ஆசையா ஒட்டுனீங்க. மரம் வச்சாச் சரியாயிரும்ல, அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு தம்பி. மன்னிச்சிரு."

அவன் ஜீப்புக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "நீங்க சொன்னது நெசந்தான்க்கா," என்றான்.

"எது?"

"நான் ஏறுனதே இல்ல. லைனுக்குப் பக்கத்துலதான் வீடு. தெனமும் பாத்தேன். ஆனா ஏறணும்னு ஒரு சோலி வரல. எல்லாத்துக்கும் பஸ்சு இருந்துச்சு. அப்புறம் லைன நிப்பாட்டிட்டாங்க. மொத நாளு அண்ணன், நீ போயிருக்கியா மாப்ளேன்னு ஆசையாக் கேட்டாரு. இல்லன்னு சொல்ல வாய் வரல. சின்னப்புள்ளையில போனேன்னுட்டேன். அது அப்படியே வளந்துபோச்சு. புது லைன் வந்தப்ப ஊரே ஏறுச்சு, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் புதுசா ஏறுறது?"

சன்னல் கம்பியின் எண்ணிக்கை, பச்சைக் கறை எல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்த எதிலும் அவன் தப்பு விட்டதில்லை.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சுபோவாரு," என்றான்.

"அண்ணனுக்கு என்ன, எனக்கே எதுவும் தெரியாது, போ," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் தம்பி பெட்டியோடு வந்தான். கதவுகள் உள்பக்கம் திறந்தன. வந்தவர்கள் நல்ல மனுஷர்கள். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தார்கள். அவர்களில் பெரியவர் மலைப்பக்கம் குனிந்து, "இந்த ஏலக்காடு தத்ரூபமா இருக்கே. நிழல் மரமெல்லாம் கரெக்டா வச்சிருக்கீங்க. யாரு பண்ணது?" என்று கேட்டார்.

"அக்கா சார்," என்றான் தம்பி, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

"செடிதான் நான் வச்சேன். நிழல் எல்லாம் இவன் வச்சது," என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று டீ ஆற்றப் போய்விட்டேன்.

அவர்கள் கிளம்பின பிறகு தம்பி கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "உள்பக்கமா மாத்திட்டேன். எம்புட்டு தூரம் தொறக்கும்னுதான் சரியா ஞாபகம் இல்லண்ணே."

"சாயங்கால வண்டி நிக்குதுல்ல?" என்றேன். "தேனி வரைக்கும் ஏறி அளந்துட்டு, பஸ்சுல திரும்பிருவோம். இப்பத்தான் சோலி வந்துருச்சே."

என் கடையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். ஸ்டேஷனில் ரயில் காலியாக நின்றது. தம்பி கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு வலது காலை வைத்து ஏறினான். கதவை இழுத்தான், தள்ளினான், டேப்பை வைத்து அளந்தான், அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். ரயில் நகர்ந்ததும் அண்ணன் சன்னலோரம் இடம் பிடித்துக் கூப்பிட்டார். தம்பி போகவில்லை. அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

"என்ன மாப்ளே, சின்னப்புள்ளையில போனப்பயும் இப்படித்தான் இருந்துச்சா?" அண்ணன் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"அது மீட்டர்கேஜ்ண்ணே, கதவு இதவிடச் சின்னது," என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தம்பிதான் சொல்லியிருக்கான்," என்றேன்.

அண்ணன் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்கத் திரும்பினார். தேனி வரும்வரை தம்பி அந்தக் கதவை விட்டு நகரவில்லை.