மீன் கிடங்கில் ஒரு வேதாகமம்

கடலூர் முதுநகரில் உள்ள அந்தச் சின்னத் தேவாலயத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்த மறுநாள் காலை, அதன் போதகர் எனக்குப் போன் செய்தார். அவரும் என் கணவரும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் சிதம்பரத்தில் ஒரு நூலகத்தில் ஓலைச்சுவடிகளையும் பழைய காகிதங்களையும் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதனால் தெரிந்தவர்கள் வீட்டில் ஜாதகம் நனைந்தாலும் பத்திரம் நனைந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

“சிஸ்டர், மேடையில இருந்த பழைய பைபிள் முழுசா ஊறிப்போச்சு. வெயில்ல காயவைக்கட்டுங்களா?”

வெயில் அடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

“வேணாம் பாஸ்டர். ஒரு பக்கத்தையும் பிரிக்காதீங்க. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வைங்க.”

“ஃப்ரீசர்லயா?” என்றார். துக்கத்தில் இருப்பவரிடம் நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். ஈரக் காகிதம் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும், உறைய வைத்தால் பிடிக்காது, பிறகு நிதானமாகக் காயவைக்கலாம் என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். ஆனால் முதுநகர் முழுக்கக் கரண்ட் இல்லை.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடம் ஒன்றுதான்: துறைமுகத்துப் பக்கம் இருந்த மீன் குளிர்கிடங்கு. அதன் முதலாளியும் அதே வகுப்பில் படித்தவர். என் கணவர் அவருக்குப் போன் போட்டார்.

“மச்சான், ஒரு பைபிள் வைக்கணும்.”

“வையேன். அதுக்கு எதுக்குப் போனு?”

“ஃப்ரீசர்ல வைக்கணும்.”

“எவ்ளோ வெயிட்டு வரும்?” என்று மட்டும் கேட்டார். அவர் தொழிலில் அது ஒன்றுதான் கேள்வி. வேதாகமம் வஞ்சிரத்துக்கும் இறாலுக்கும் நடுவே ஒரு தட்டில் போய்ச் சேர்ந்தது. மேலே யாரும் பெட்டி அடுக்கிவிடக் கூடாது என்று அவரே ஒரு அட்டையில் ‘சாமி புக்’ என்று எழுதி ஒட்டினார். குலதெய்வத்துக்கு வருஷா வருஷம் கிடா வெட்டுகிற வீட்டுக்காரர் அவர்.

தண்ணீர் வடிந்து, ரோடு சரியானதும், போதகர் அதை ஐஸ் பெட்டியில் வைத்துச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தார். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, சாயங்காலங்களில் மையொற்றுத் தாள் வைத்துப் பக்கம் பக்கமாகக் காயவைத்தேன். எங்கள் அறையில் மீன் வாடை வந்தது. பக்கத்துப் பிரிவில் இருந்தவர், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக யார் மீன் கொண்டுவந்தது என்று விசாரித்தார். வேதாகமம் என்றேன்.

போதகர் வாரம் ஒருமுறை பார்க்க வருவார். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வருவதுபோல வாழைப்பழத்துடன் வருவார். அப்படி ஒருநாள்தான் சொன்னார்: வேதத்தை முதன்முதலில் எழுதியவர்கள் கைப்பட எழுதிய ஒரு தாள்கூட இன்று உலகத்தில் இல்லையாம். இருப்பதெல்லாம் நகல், நகலுக்கு நகல். சிலது பாலைவனக் குகையில் ஜாடிக்குள் கிடந்தது, சிலது எகிப்தில் குப்பைமேட்டில் கிடந்தது. இன்னும் சிலதில், தோலில் எழுதிய வேதத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வேறு எதையோ எழுதியிருந்தார்கள். அடியில் மங்கலாக வேதம் மிச்சமிருந்தது. கோயில் அறையில் பூட்டிவைத்த ஏட்டைக் கரையான் தின்ற கதையைக் கேட்டே வளர்ந்த ஊர் எங்களுடையது. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குப்பைமேடு, பூட்டிவைத்த அறையைவிட எவ்வளவோ மேல்.

அச்சடித்த பக்கங்கள் பிழைத்துக்கொண்டன. அச்சு மை தண்ணீரில் கரையாது. கரைந்தது நடுவில் இருந்த சில தாள்கள். என்றைக்கோ செல் அரித்த பக்கங்களுக்குப் பதிலாக யாரோ பேனாவால் எழுதித் தைத்து வைத்தவை அவை. எழுதியது யாரென்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாதி எழுத்துகள் நீலக் கறையாகியிருந்தன. நான் கறையைத்தான் பார்த்தேன், கதையைப் படிக்கவில்லை. அந்தத் தாள்களைப் புதிதாக எழுதிச் சேர்ப்பது என்று முடிவானது.

போதகர் வேறொரு அச்சுப் பிரதியைப் பார்த்து அழகாக எழுதினார். அதைச் சரிபார்க்கும் நாளில் நானும் கடலூருக்குப் போயிருந்தேன். போதகர் உரக்கப் படிக்க, பாடகர் குழுவில் இருந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவர். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்ததால் தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

திடீரென்று கண்ணைத் திறந்தார். “தப்பு ஐயா. ‘எழுந்து போனான்’ இல்ல. ‘அழுது போனான்’.”

போதகர் அச்சுப் பிரதியைக் காட்டினார். ‘எழுந்து’ என்றுதான் இருந்தது. நான் பழைய தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். கறைக்கு அடியில் ‘அழுது’ என்று தெளிவாகவே தெரிந்தது. எழுதியவருக்கு முதல் எழுத்து மாறி, நடுவில் ஒரு மெய்யும் விழுந்துபோயிருக்கிறது.

“எழுதுனவரு பிழை பண்ணிட்டாரு. இப்ப திருத்திட்டோம்,” என்றார் போதகர்.

“எங்கம்மா அந்த எடத்துல எப்பவும் அழுவாங்க ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து இங்க அவன் அழுதுட்டுத்தான் போறான். இப்ப எழுந்து போனான்னா யாரு ஒத்துக்குவாங்க?”

“வேதத்துல இல்லாதத எப்படிங்க படிக்கிறது?”

“மழைக்கு முன்னாடி வரைக்கும் நீங்களும் அப்படித்தான படிச்சீங்க.”

போதகர் என்னைப் பார்த்தார். காகிதத்தைக் காப்பாற்றுவதுதான் என் வேலை, சொல்லை இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பழைய ஏடுகளில் இரண்டு விதமாகச் சொல் கிடைத்தால் ஒன்றை உள்ளே வைத்து, இன்னொன்றை ஓரத்தில் எழுதிவிடுவார்கள். எதையும் தூக்கிப் போட மாட்டார்கள்.

போதகர் பேனாவை எடுத்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘அழுது’ என்று எழுதினார். ஷிஃப்ட்காரர் எட்டிப் பார்த்து, “கொஞ்சம் பெருசா எழுதலாம்,” என்றார். எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிப் போதகர் பேனாவை மூடிவிட்டார்.

புத்தகம் மேடைக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அழைத்திருந்தார்கள். கிடங்கு முதலாளியும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போதகர் அந்தப் பக்கத்தையே வாசிக்க எடுத்தார். அந்த இடம் வந்ததும் ‘எழுந்து போனான்’ என்று அழுத்தமாகப் படித்துவிட்டு, ஒரு நொடி நிறுத்தினார். அவ்வளவுதான். பின்வரிசைகளில் இருந்து பத்துப் பன்னிரண்டு குரல்கள் சேர்ந்து, “அழுது,” என்றன. போதகர் தலைநிமிராமல் அடுத்த வரிக்குப் போனார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் எங்கேதான் போனான் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “வீட்ட விட்டு ஓடிப்போன புள்ள வேற எங்கம்மா போவான்? அவுங்க அப்பாகிட்டதான்,” என்றார்.