பூண்டு போட்டது, பூண்டு போடாதது

என் இடது காலில் கேலிப்பர், நடக்கத் தாங்கும் இரும்புச் சட்டம். பஸ்ஸில் ஏறும்போது யாராவது கேட்காமல் கொள்ளாமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். உதவ வந்தவர் முகம் சுருங்கிப்போகும். நானும் நாள் முழுக்க உர்ரென்று திரிவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்த காரியத்தின் லட்சணம் புரியும்.

அசோக் நகரில் எனக்குச் சின்னதாக ஓர் அச்சுக்கடை. மாற்றுத்திறனாளி இளைஞர்கள் சொந்தத் தொழில் தொடங்க உதவுகிற குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அப்படித்தான் அந்தப் பெண் பழக்கமானாள். கே.கே. நகரில் வீடு, இருபத்து நான்கு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது. இட்லிப் பொடி அரைத்து விற்றாள். லேபிள் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. எங்கேயாவது சேர்ந்து போகும்போது படிக்கட்டு வந்தால், "அண்ணா, கை தரட்டுமா?" என்று கேட்பாள். நான் வேண்டாம் என்பேன். சரி என்று விட்டுவிடுவாள். அடுத்த படிக்கட்டில் மறுபடியும் கேட்பாள்.

மயிலாப்பூரில் ஒரு மளிகைக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பொடியை ருசி பார்த்துவிட்டு, பூண்டு போட்டதில் முப்பது பாக்கெட், போடாததில் முப்பது பாக்கெட் கொண்டுவரச் சொன்னார். சரியாக வந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வாராம். "ஒண்ணு மாறிச்சுன்னாலும் அதோட முடிஞ்சுது, பாத்துக்கிடுங்க. பூண்டு சேக்காத வீட்டுக்காரங்கதான் எனக்குப் பாதி வாடிக்கை" என்றார். பொடி செய்தவள் பக்கத்திலேயே நின்றாள். அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான்.

கொடுக்க வேண்டிய அன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். பாதி பாக்கெட்டுகளுக்கு முந்தின நாளே லேபிள் ஒட்டி முடித்திருந்தாள். மீதிப் பாக்கெட்டுகளை எடுத்துவர சமையலறைக்குள் போயிருந்தாள். மேசையின் இடது ஓரத்தில் ஒரு கட்டு லேபிள், வலது ஓரத்தில் ஒரு கட்டு. மேசையெல்லாம் பொடி சிந்திக் கிடந்தது. என் கை சும்மா இருக்குமா? கட்டுகளை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து, திரும்ப இரண்டு ஓரத்திலும் வைத்தேன். எது எந்தப் பக்கம் இருந்தது என்று யோசிக்கவே இல்லை. அவள் வந்து உட்கார்ந்து மளமளவென்று ஒட்டினாள். லேபிளைப் பார்த்துப் பார்த்து பெட்டியில் அடுக்கியது நான்தான்.

நந்தனம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவள் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து விரலால் அமுக்கினாள். சாய்த்தாள். மறுபடி அமுக்கினாள். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

"பூண்டு போடாதது" என்றேன்.

"இதுல பூண்டு இருக்குண்ணா."

பழுப்புக் காகிதப் பை, வாய் ஒட்டியாகிவிட்டது, எப்படித் தெரியும் என்று எரிந்துவிழுந்தேன். பூண்டு போட்ட பொடி கட்டி கட்டியாக நகரும், போடாதது மணல் போல ஓடும் என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒட்டும்போது நீதான் மாற்றிவிட்டாயோ என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் பாக்கெட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். பிறகு, "காலைல மேசையத் தொட்டீங்களா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று ஒட்டியது சரி, இன்று ஒட்டியது தப்பு, இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கின்றன. வண்டி ரிப்பேர், நாளைக்கு வருகிறோம் என்று கடைக்குப் போன் செய்கிறேன் என்றேன். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம், கடைக்கே போகலாம் என்றாள். பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதலாளியிடம் அவளே பேசினாள். லேபிளில் தப்பு நடந்துவிட்டது, அரை மணி நேரம் கொடுங்கள், இங்கேயே பிரித்துத் தருகிறேன் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பாக்கெட்டை எடுப்பாள், அமுக்குவாள், காதோரம் சாய்ப்பாள். இடது பக்கம் அல்லது வலது பக்கம். பருப்பு வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பாக்கெட்டை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் பூண்டுப் பக்கம் வைத்தாள்.

முதலாளி கத்தியை எடுத்து முதலில் அந்தப் பாக்கெட்டைத்தான் கிழித்தார். பூண்டு வாசனை என் மூக்குக்கே எட்டியது. இரண்டு பக்கத்திலும் இன்னும் இரண்டிரண்டு கிழித்து முகர்ந்தார். எல்லாம் சரி. பையில் மிச்சமிருந்த லேபிள்களை எடுத்து நான் மேலே ஒட்ட ஆரம்பித்தபோது அவர் என் பக்கம் குனிந்தார்.

"பாவம் தம்பி, கண்ணு தெரியாத பிள்ளை. தப்பு வரத்தானே செய்யும். மாசாமாசம்னா யோசிக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவள் கண் மேல் விழுந்துவிடும். ஒரு நிமிடம் சும்மாதான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தேன்.

"அவ மாத்தலைங்க" என்றேன், அவளுக்கும் கேட்கும்படி. "மேசையத் தொடைக்கிறேன்னு லேபிளை மாத்தி வெச்சது நான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. கண்டுபிடிச்சது அவ கை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, "அடுத்த மாசம் எத்தனை தருவ, தாயி?" என்று கேட்டார். எண்பது என்றாள். குறித்துக்கொண்டார்.

வாசலில் இரண்டு படி, நல்ல உயரம். அவ்வளவு நேரம் நின்றதில் என் கால் நடுங்கியது. என் மேல் அவளுக்குக் கோபம் ஆறியிருக்காது என்று தெரியும். முதல் படியில் இறங்கித் திரும்பி நின்றாள்.

"அண்ணா, கை தரட்டுமா?"

"குடும்மா" என்றேன்.